கூரைக் கம்பியில் மூன்று தட்டு

மேற்குப் பாதை அன்று காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. ஈலானுக்கு அதுதான் சரியாகப் படவில்லை.

பெய்கோ சுரங்கத்தில் மற்ற எல்லோருக்கும் அது நல்ல சேதி. மலை முனகாமல் கிடந்தால் யாருக்குக் கசக்கும்? நிலக்கரி வெட்டுகிறவர்கள் நிம்மதியாக வெட்டலாம். லாபா பண்டிகையின் கஞ்சி நாளும் அதுவுமாகச் சாப்பாட்டுக் கூடத்தில் எட்டுத் தானியமும் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. இவள் ஒருத்திக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவாள், எழுந்திருப்பாள், திரையை முறைப்பாள், ஜன்னலோரம் போய்ப் பனியில் புதைந்து கிடக்கும் கரி வண்டிகளைப் பார்ப்பாள், மறுபடி ஓடிவந்து திரைமுன் நிற்பாள். காலையில் வாங்கி வைத்த மந்தோ ரொட்டி மேஜைமேல் கல்லாகக் காய்ந்துவிட்டது.

துவான் ஈலான் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் சுரங்க ஆராய்ச்சித் துறைக்காரி. பெய்கோவின் ஆழத்தில் கரியின் தலைமேல் ஒரு மலையே உட்கார்ந்திருக்கிறது. வெட்டி வெட்டி உள்ளே காலியாக ஆக, மிச்சம் நிற்கிற கரி அந்தப் பாரத்தையெல்லாம் தாங்கி இறுகிக்கொண்டே போகும். ஒருநாள் தாங்காது. அப்போது அது சரிந்து விழாது, வெடிக்கும். பாதைச் சுவரே கிளம்பி ஆள்மேல் பாயும். அதற்கு முன்னால் கரிக்குள் நொறுநொறுவென்று ஒரு முனகல் எழும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த முனகலைக் கேட்டு, வெடிப்பை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்காகப் பாதைக் கூரை விழாமல் இருக்க அடித்திருக்கும் இரும்புக் கம்பிகளின் நுனியில் கைப்பிடியளவு கருவிகளைத் திருகி வைத்திருந்தாள். சுரங்கத்தில் அவற்றுக்குப் பெயர் காதுகள். கிழக்குப் பாதையில் ஒரு காது, மேற்குப் பாதையில் வாசலிலிருந்து கரி வெட்டும் கடைசி முனையான முகப்புவரை நான்கு காதுகள். மேலே, கண்காணிப்பு அறைத் திரையில் அந்த நான்குக்கும் நான்கு கோடுகள்.

அவளுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கருநாக்கு.

சும்மா வைக்கவில்லை. இலையுதிர் காலத்தில் ஒருமுறை, போன மாதம் ஒருமுறை, முனகல் கூடுகிறது என்று சொல்லி அபாய மணியை அடித்தாள். இரண்டு முறையும் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுக் குதிகால் பிடரியில் பட ஓடிவந்தார்கள். இரண்டு முறையும் ஒரு கூழாங்கல்கூட விழவில்லை. அப்புறம் அவள் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தாலே, "வாயை மூடிக்கச் சொல்லுங்கப்பா, சூப்புல புழு விழப்போவுதுன்னு சொல்லிடப்போறா" என்று ஒருவன் ஆரம்பிப்பான். கூடமே கெக்கலிக்கும். மேலாளர் தாவோ கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "மூணாவது தடவை இப்படி ஆச்சுன்னா, உன் பெட்டிங்களை நானே வண்டியில ஏத்தி விடுவேன்." அப்படி ஆனால் ஆராய்ச்சியும் போச்சு, அவள் மானமும் போச்சு. அது அவளுக்குத் தெரியும்.

அந்தச் சுரங்கத்தில் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசுகிற ஆள் ஒருவர்தான். மேற்குப் பாதைக் குழுவின் தலைவர் கெங் பாவ்ஷான். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிடப் பெரிது. வறுத்த சூரியகாந்தி விதையைப் பை நிறையக் கொண்டுவந்து அவள் மேஜையில் கொட்டிவிட்டு, "கொறிச்சுக்கிட்டே கேளு தங்கச்சி, வாய்க்கு வேலை இருந்தா கெட்ட வார்த்தை வராது" என்பார். காலையில் இறங்கியதும் முதல் வேலையாகச் சுத்தியலால் ஒரு கூரைக் கம்பியைத் தட்டுவார். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. மேலே திரையில் மூன்று முட்கள் துள்ளும். தங்கச்சி, எழுந்தாச்சா என்று அதற்கு அர்த்தம். இத்தனை நாளில் ஒருநாள்கூட அவர் அதைத் தவறவிட்டதில்லை.

இன்றைக்கு அந்த மூன்று முட்கள் வரவில்லை.

ஈலான் விளக்கு அறைக்குப் போன் போட்டாள். இறங்குகிறவன் விளக்கை வாங்கிக்கொண்டு போய், ஏறியதும் அதே கொக்கியில் மாட்ட வேண்டும். அந்த அறையைக் காப்பவள் ரென் அக்கா.

"அக்கா, கெங் அண்ணன் இன்னைக்கு லீவா?"

"லீவா! பல்லைக் காட்டிக்கிட்டே விளக்கை வாங்கிட்டுப் போனாரு. கஞ்சியில அவருக்கு இலந்தைப்பழம் கூடப் போட்டு வைக்கணுமாம், மகாராஜா உத்தரவு. ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னு நீ சொல்ற குரலே சரியில்லையே. அம்மா தாயே, இன்னைக்காவது மணிகிணி அடிச்சுத் தொலைக்காதே. மனுசங்க கஞ்சி குடிக்கட்டும்."

போனை வைத்தாள். இறங்கிய மனிதர் ஏன் தட்டவில்லை? கோபமா? நேற்று மாலை அவர் வந்து உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. "மூணாவது தடவைன்னா நிஜமாவே உன்னை அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "இந்த வாரம் மலை கொஞ்சம் அதிகமாவே முனகுதுன்னு சொன்னியே?" என்றார். அதற்கும் ஆமாம் என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அப்படி முனகிக்கொண்டிருந்த மலை ஒரே ராத்திரியில் எப்படிச் சமர்த்தானது?

மேலாளர் தாவோ கையில் ஆரஞ்சுப் பழத்தோடு உள்ளே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்துக்கும் ஆட்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழி பிதுங்குகிற மனிதர், அவ்வளவுதான். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, உன் மலை இன்னைக்கு நல்லாத் தூங்குதே! இப்படியே வருசப் பிறப்பு வரைக்கும் தூங்கட்டும். இந்தா, பழம் சாப்பிடு."

"சார், இது தூக்கம் மாதிரி தெரியல எனக்கு."

"ஆரம்பிச்சிட்டியா?" பழத்தை உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "சத்தம் போட்டாலும் ஆபத்துங்கிற, போடலன்னாலும் ஆபத்துங்கிற. நான் எதுக்குத்தான் சந்தோசப்படறது, சொல்லு?"

அவர் போனதும் மறுபடி திரையோடு மல்லுக்கு நின்றாள். காலையில் முகப்பில் பாறையைப் பெயர்க்க வெடி வைத்திருந்தார்கள். வழக்கமான சின்ன வெடிதான். அதன் பதிவைத் தேடி எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மலைக்கு அந்தப் பக்கம், கிழக்குப் பாதையில் இருக்கும் காது அந்த வெடியை நன்றாகக் கேட்டிருந்தது. வெடியின் பக்கத்திலேயே இருந்த மேற்குக் காதுகள் நான்கும் ஏதோ கொசு கத்தியதுபோல லேசாகச் சிணுங்கியிருந்தன.

அடுத்த வீட்டுக்காரனுக்குக் கேட்ட இடி, இந்த வீட்டுக்காரனுக்குக் கேட்கவில்லையாம். எந்த ஊர் நியாயம் இது? மலை தூங்கவில்லை. யாரோ காதைப் பொத்தியிருக்கிறார்கள்.

அவள் மேற்குப் பாதை வாசலில் இருக்கும் போனுக்கு அழைத்தாள். வெகுநேரம் அடித்தது. கடைசியில் கெங்கே எடுத்தார்.

"யாரு, கருநாக்குத் தங்கச்சியா? கஞ்சி குடிச்சியா?"

"அண்ணே, காலையில நீங்க கம்பியைத் தட்டினீங்களா?"

"தட்டாம இருப்பனா? முகப்புக்குப் பக்கத்துக் கம்பியில, வழக்கம்போல. ரெண்டு வேகமா, ஒண்ணு மெதுவா."

"எனக்கு வரல."

"வரலியா? அதெப்படி..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். தான் மூடிய காதில் தானே போய் வணக்கம் சொன்னது அப்போதுதான் அந்தப் பெரிய மனிதருக்கு உறைத்தது.

"அண்ணே, என்ன செஞ்சீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"கோபப்படாதே." இவ்வளவு பெரிய குரல் இவ்வளவு சின்னதாகி அவள் கேட்டதில்லை. "கிழிஞ்ச பூட்ஸ்ல ரப்பர் வெட்டி, கம்பிக்கும் உன் கருவிக்கும் நடுவுல வச்சு முடுக்கிட்டேன். நாலுக்கும். அது முனகும், நீ பயந்து மணியை அடிப்ப, ஒண்ணும் ஆகாது, அவங்க உன்னை அனுப்பிடுவாங்க. வருசப் பிறப்பு வரைக்கும் மூடி வப்போம், அப்புறம் எடுத்துடலாம்னு பார்த்தேன். உனக்காகத்தான் செஞ்சேன் தங்கச்சி."

ஈலானுக்குத் தலை சுற்றியது. கத்த வேண்டும்போல் இருந்தது, அழ வேண்டும்போலவும் இருந்தது. இந்த மடத்தனமான பாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

"கழட்டுங்க. இப்பவே. ஒண்ணு விடாம எல்லாத்தையும் கழட்டுங்க!"

"சரி சரி, கத்தாதே. முதல் காது இதோ தலைக்கு மேலேயே இருக்கு. இரு."

ரிசீவரைத் தொங்கவிட்ட சத்தம். இரும்பு உரசும் சத்தம். ஈலான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முதல் கோடு விழித்துக்கொண்டது. விழித்ததென்ன, வெறிபிடித்து ஆடியது. முள்மேல் முள்ளாக, நடுவில் இடைவெளியே இல்லாமல். இலையுதிர் காலத்தில் அவள் பயந்தது இதில் கால்வாசி இல்லை. உள்ளே கரி சுக்குநூறாக நொறுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே! எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியே வாங்க! ஓடுங்க!"

"நிஜமாவா?"

"உங்க காலைப் பிடிக்கிறேன், ஓடுங்க!"

அவள் மணியை அடித்தாள். மூன்றாவது மணி.

மேலாளர் தாவோ மூச்சிரைக்க ஓடிவந்தார். "உனக்குப் பைத்தியமா? இப்பத்தானே பார்த்தேன், பச்சைக் குழந்தை மாதிரி தூங்கிச்சு! அதுக்குள்ள என்ன வந்துச்சு?"

உண்மையைச் சொன்னால் அவள் தப்பிப்பாள், கெங் அண்ணன் தொலைவார். கருவியில் கைவைத்தவனை எந்தச் சுரங்கமும் மன்னிக்காது.

"காதுங்களை நான் சரியா மாட்டல சார். இப்பத்தான் சரி பண்ணச் சொன்னேன். தப்பு என்னோடதுதான்."

"உன்னோடதா!" தாவோ நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒண்ணும் ஆகலன்னா சாயங்காலத்துக்குள்ள மூட்டையைக் கட்டு. என்கிட்ட மூஞ்சியைக் காட்டாதே."

"கட்டிடறேன். ஆளுங்க மேல வரட்டும், அது போதும்."

ஆட்களை ஏற்றியிறக்கும் கூண்டு இரண்டு நடையாக ஆட்களை மேலே கொண்டுவந்தது. கரிபடிந்த முகங்களோடு அவர்கள் முற்றத்தைக் கடந்து போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஒருவன் அவள் ஜன்னலைப் பார்த்துக் கும்பிடு போட்டான். "கருநாக்கு அம்மா, கஞ்சி நேரம் பார்த்து மணி அடிச்ச, உன் புண்ணியத்துல சூடா குடிப்போம்!" எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

அப்போது திரையில் இரண்டாவது கோடு விழித்துக்கொண்டது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. கோடு தானாக விழிக்காது. ரப்பரை ஒருவர் கழற்ற வேண்டும்.

போன் அடித்தது. ரென் அக்கா. "துவான், எல்லா விளக்கும் வந்துடுச்சு. ஒரே ஒரு கொக்கிதான் காலி. கெங்கோடது. கடைசியா வந்தவன்கிட்ட, நீ போடா, எனக்கு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குன்னு சொன்னாராம். என்ன வேலைம்மா இந்த நேரத்துல?"

ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னவள் அவள்தானே!

பாதை வாசல் போனுக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. "எடுங்க அண்ணே, எடுங்களேன்." அவர் எங்கே இருக்கிறார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாசலிலிருந்து இரண்டாவது காது தாண்டி, மூன்றாவதை நோக்கி, முகப்பின் பக்கம், உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கிறார். அவர் ஒவ்வொரு காதாகத் திறக்கத் திறக்க, அவர் எவ்வளவு பெரிய ஆபத்துக்குள் நிற்கிறார் என்பது அவளுக்கு இன்னும் தெளிவாகக் கேட்டது. வாயில் வந்தபடியெல்லாம் அவரைத் திட்டினாள். மூன்றாவது கோடும் விழித்தது.

"திரும்பிடுங்க. நாலாவது வேண்டாம். போதும், திரும்பிடுங்க அண்ணே."

தரை குதித்தது.

மேஜைமேல் இருந்த தேநீர்க் குவளை விழுந்து உருண்டது. ஜன்னல்கள் கடகடத்தன. சாப்பாட்டுக் கூடத்தில் கஞ்சிக் கிண்ணங்கள் சிதறும் சத்தம். திரையில் கோடுகள் எல்லாம் ஒரேயடியாக எகிறி, அடங்கின. நாலாவது செத்தேபோனது.

தாவோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "வெடிச்சிடுச்சு," என்றார். பிறகு, "எல்லாரும் மேல வந்துட்டாங்கல்ல?" என்றார்.

"கெங் அண்ணன் வரல சார்."

தாவோ மீட்புக் குழுவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்.

ஈலான் அசையாமல் நின்றாள். நான் கொன்றுவிட்டேன் என்ற ஒரே நினைப்புத்தான் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. மூன்று கோடுகளும் மட்டையாகக் கிடந்தன. கல் ஒன்று உருண்டால் ஒரு சின்ன முள். அப்புறம் ஒன்றுமில்லை.

மீட்புக் குழு இறங்கிப் பாதையை அடைத்த கரியையும் கல்லையும் தோண்ட ஆரம்பித்தது. துளைபோடும் இயந்திரம் ஓடியதும் கோடுகள் மூன்றும் கறுத்து நிறைந்தன. அந்த இரைச்சலில் யானை பிளிறினாலும் தெரியாது. ஏறி வந்த ஆட்கள் கஞ்சியை விட்டுவிட்டு ஒவ்வொருவராக அவள் அறை வாசலில் வந்து நின்றார்கள். கும்பிடு போட்டவனும் நின்றான். யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எந்தப் பெயராலும்.

தாவோ கீழிருந்து போன் செய்தார். "ரொம்பத் தூரம் அடைச்சிருக்கு துவான். எந்தப் பக்கம் தோண்டறதுன்னே தெரியல. ஆள் உசிரோட இருக்காரான்னும்..."

"மெஷினை நிறுத்துங்க சார்."

"என்ன?"

"எல்லாத்தையும் நிறுத்துங்க. தோண்டற மெஷின், கரி இழுக்கிற பெல்ட்டு, தண்ணிப் பம்பு, எல்லாம். யாரும் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. நான் கேக்கணும்."

இத்தனை காலமும் அவள் நிறுத்தச் சொன்னபோதெல்லாம் முணுமுணுத்த சுரங்கம் அது. இந்த முறை ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. இயந்திரம் நின்றது, பெல்ட் நின்றது, பம்பு நின்றது. மேலே முற்றத்தில் ஒருவன் லாரியின் எஞ்சினைக்கூட அணைத்தான். வாசலில் நின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பெய்கோ சுரங்கம் அப்படி அடங்கி யாரும் பார்த்ததில்லை.

கோடுகள் மெல்ல மெல்ல மட்டையாயின. ஈலான் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

மூன்றாவது கோட்டில் ஒரு முள். உடனே இன்னொன்று. சற்றுப் பொறுத்து, நிதானமாக, மூன்றாவது.

அவர் கடைசியாகத் திறந்த காது அது. திறக்காமல் விட்டிருந்தால் இந்த உலகத்தில் யாருக்கும் இது கேட்டிருக்காது. அதே தட்டு இரண்டாவது கோட்டில் மெலிதாகவும், கொஞ்சம் தாமதித்தும் வந்து சேர்ந்தது. அந்தத் தாமதத்தை வைத்து அவர் படுத்திருக்கும் இடத்தை அவள் கணக்குப் போட்டாள். அழுதுகொண்டேதான் போட்டாள், ஆனாலும் சரியாகப் போட்டாள்.

"இருக்காரு சார்! மூணாவது காதுக்குப் பக்கத்துல, முகப்புப் பக்கம் போகாதீங்க, அதுக்கு இந்தப் பக்கமே தோண்டுங்க. உசிரோட இருக்காரு!"

வாசலில் ஒருவன் வாய்விட்டு அழுதான். கும்பிடு போட்டவன்தான்.

அதன்பிறகு அவள் நிறுத்து என்றால் நிறுத்தினார்கள், தோண்டு என்றால் தோண்டினார்கள். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் தட்டு வந்தது. ஒருமுறை வரவில்லை. அப்போது அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மேஜை விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. அடுத்த முறை வந்தது, களைத்துப்போய், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் வெகு இடைவெளி விட்டு. ஆனால் மூன்றும் வந்தன. காதுகளுக்குக் கேட்க மட்டும்தான் தெரியும், பேசத் தெரியாது. கேட்கிறது, வருகிறோம் என்று ஒரு வார்த்தை அவருக்குச் சொல்ல வழியில்லாமல் அவள் தவித்த தவிப்பு அவளுக்குத்தான் தெரியும்.

வெளியே பனியின்மேல் வெயில் சாயத் தொடங்கியபோது கீழிருந்து போன் வந்தது. ஈலான் பாய்ந்து எடுத்தாள். தாவோவின் குரல் கரகரத்தது.

"ஆள் கிடைச்சாச்சு. காலு ஒண்ணு கல்லுக்கடியில மாட்டி ஒடிஞ்சிருக்கு. வாய்க்கு ஒண்ணும் ஆகல, இவ்வளவு நேரமாடா தோண்டுவீங்கன்னு என் ஆளுங்களைத் திட்டிக்கிட்டிருக்கான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சட்டைப் பையில ரப்பர்த் துண்டு மூணு வச்சிருக்கான். அதைப் பத்தி அப்புறம் பேசலாம். உன் பெட்டிங்க இருக்கற இடத்துலயே இருக்கட்டும். இரு, உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்."

போன் கைமாறும் சத்தம். ஒரு நீண்ட இருமல். பிறகு, தூசியில் அரைபட்டுப்போன அந்தக் குரல்.

"தங்கச்சி, கேட்டுச்சா?"

அறை முழுக்க ஆட்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈலான் ரிசீவரை மேஜையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதன் பக்கத்தில் விரல் முட்டியால் தட்டினாள். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக.